ஆயர் பிழைத்தார், நகல் கொடுத்தவர்கள் செத்தார்கள்: நாஜிகளை எதிர்த்த மதகுருக்களைப் பற்றிப் பேச வேண்டும்

#1 வேம்படி

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறது. மாதம் ஒருவர் பேச வேண்டும், இந்த மாதம் என் முறை. "கொடுங்கோல் ஆட்சியை எதிர்த்த மதத் தலைவர்கள்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் யாரைப் பற்றியும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் நாஜி காலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் படித்தது ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரத்து ஆயர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலென் பற்றி. 1941 ஜூலை 13, ஜூலை 20, ஆகஸ்ட் 3 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மறையுரைகள் செய்திருக்கிறார். முதல் இரண்டும் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ மடங்களைப் பறித்ததையும், விசாரணையே இல்லாமல் ஆட்களைப் பிடித்துப்போனதையும் கண்டித்தவை. மூன்றாவதில், மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொல்கிறது என்று பீடத்தில் நின்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் வெற்றிமேல் வெற்றியாக முன்னேறிக்கொண்டிருந்த நேரம் அது.

இவரை மையமாக வைத்தே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். கூட வேறு யாரைச் சேர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்தூண்

வேம்படி, நல்ல முயற்சிதான். ஆனால் காலெனை மையமாக வைப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள்.

அவர் யூதர்களுக்காக ஒருமுறையாவது பொதுவில் வாய் திறந்தாரா? 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, ம்யூன்ஸ்டரிலும் எரிந்தது. ஆயர் பேசவில்லை. நீங்கள் சொல்லும் மூன்றாம் மறையுரை 1941 ஆகஸ்டில். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ம்யூன்ஸ்டரிலிருந்து யூதர்களை லாட்வியாவின் ரீகாவுக்கு ரயிலேற்றினார்கள். நான்கு மாத இடைவெளி. அந்த ரயிலைப் பற்றி எந்த மறையுரையும் இல்லை. சோவியத் மீதான போரை அவர் போல்ஷெவிசத்துக்கு, அதாவது ரஷ்யக் கம்யூனிசத்துக்கு, எதிரான போர் என்று வரவேற்றதும் உண்டு.

திருச்சபை 1933 ஜூலை 20 அன்று ஹிட்லர் அரசோடு ஒப்பந்தம் போட்டது. புராட்டஸ்டன்ட் பக்கம் "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற பெயரில் ஓர் அணியே நாஜிகளோடு கைகோத்தது. எதிர்த்தவர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் மடத்துக்கும் பள்ளிக்கும் ஆபத்து வந்தபிறகுதான் எதிர்த்தார்கள். சொந்த வீடு எரியும்போது தண்ணீர் ஊற்றுகிறவனையும், அடுத்த தெருவில் எரியும் வீட்டுக்கு ஓடுகிறவனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

#3 நெய்தல்நிலம்

கல்தூண் அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன், கடற்கரை ஊர். எங்கள் பங்கில் சின்ன வயதில் கேட்ட கதைகளில் திருச்சபை எப்போதும் சரியான பக்கத்தில்தான் நிற்கும். வளர்ந்து படித்தபோது அது அப்படியே உடைந்தது. ஆனாலும் உடைந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டாம்.

டாஹாவ் என்ற நாஜி வதைமுகாமில் மட்டும் சுமார் 2,700 மதகுருக்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். ஆயிரம் பேருக்கு மேல் அங்கேயே இறந்தார்கள். அத்தனை பேரும் மடச் சொத்துக்காகச் சண்டை போட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போலந்தில் குருவாக இருந்ததே குற்றம்.

வேம்படி, நீங்கள் தேடும் ஆள் பெர்லினில் இருக்கிறார். பெயர் பெர்ன்ஹார்ட் லிக்டென்பெர்க், புனித ஹெட்விக் பேராலயத்தின் குரு. 1938 நவம்பரில் தொழுகைக்கூடங்கள் எரிந்த மறுநாளிலிருந்து மாலைச் செபத்தில் யூதர்களுக்காகவும், வதைமுகாம்களில் இருப்பவர்களுக்காகவும் சத்தமாக வேண்டினார். "வெளியே தொழுகைக்கூடம் எரிகிறது. அதுவும் கடவுளின் வீடுதான்" என்றார். ஒருநாளோடு விடவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், மாலைக்கு மாலை. கல்தூண் அண்ணா கேட்ட "அடுத்த தெரு வீடு" இதுதானே.

#4 ரைன்கரை

நான் ஜெர்மனியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். லிக்டென்பெர்க் பற்றி நெய்தல்நிலம் தொடங்கியதை முடித்துவைக்கிறேன்.

1941இல் அந்த மாலைச் செபத்துக்கு இரண்டு மாணவிகள் வந்திருந்தார்கள். கேட்டுவிட்டுப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அக்டோபர் 23 அன்று கைது. வீட்டைச் சோதித்தபோது, அடுத்த ஞாயிறு வாசிப்பதற்காக அவர் எழுதி வைத்திருந்த ஒரு தாள் கிடைத்தது. யூதர்களிடம் நட்பாக நடந்துகொள்கிறவன் துரோகி என்று வீடுவீடாகத் துண்டறிக்கை கொடுத்திருந்தார்கள். அதை நம்பாதீர்கள், அயலானை நேசி என்ற கட்டளைப்படி நடங்கள் என்று மக்களுக்குச் சொல்லும் தாள் அது. வாசிக்கும் ஞாயிறு வரவே இல்லை.

1942 மே மாதம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை. இதயநோயாளி, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். தண்டனை முடியப்போகும் நேரத்தில், இனிமேல் பிரசங்கம் செய்யாமல் இருந்தால் விட்டுவிடுகிறோம் என்ற பேச்சு அவருடைய ஆயர் வழியாக வந்தது. அவர் கேட்டது வேறு. போலந்தின் லோட்ஸ் நகரத்து யூதச் சேரிக்குப் போய், அங்கே கொண்டுபோகப்பட்டவர்களோடு இருக்க அனுமதி கேட்டார். தண்டனை முடிந்ததும் விடுதலை செய்யாமல் டாஹாவுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் ஹோஃப் என்ற ஊரில் 1943 நவம்பர் 5 அன்று இறந்தார்.

இன்னொன்றும் கல்தூணுக்காக. ஆகஸ்ட் 1941இல் காலெனின் மறையுரையைப் படித்த உடனே, நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிக்கு லிக்டென்பெர்க் கண்டனக் கடிதம் எழுதினார். ஆக, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் துணிச்சல் கொடுத்திருக்கிறது. இருவரையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம்.

#5 மாலைமணி

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறப்புப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள்தான் என் வகுப்பு. அதனால் "சொந்த வீடு எரியும்போது தண்ணீர் ஊற்றுகிறவன்" என்று காலெனைச் சேர்த்துச் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பிள்ளைகள் யாருடைய "சொந்த ஆட்கள்", கல்தூண் சார்? பெற்ற வீட்டிலேயே விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்கார வைக்கிறார்கள். 1940இல் ஜெர்மனியில் இவர்களைப் போன்றவர்களை ஏற்றிப்போகச் சாம்பல் நிறப் பேருந்துகள் வந்தன. கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடாமர் என்று ஆறு இடங்களில் விஷவாயு அறைகள். குடும்பத்துக்கு ஓர் அனுதாபக் கடிதமும் சாம்பல் கலசமும் வரும். குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று கடிதம் வந்தது, அந்த ஆளுக்கோ குடல்வாலைப் பல வருடம் முன்பே அறுவைசிகிச்சையில் எடுத்திருந்தார்கள். இப்படித்தான் ஊருக்குச் சந்தேகம் வந்தது. ஹடாமர் பக்கத்துச் சிறுபிள்ளைகளுக்கே அந்தப் பேருந்து எதற்கென்று தெரிந்திருந்தது, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அந்த மறைமாவட்டத்து ஆயர் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: "அதோ கொலைப்பெட்டி வருகிறது."

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். யாரும் மேடையில் சொல்லவில்லை. அந்த ஞாயிறு காலென் சொன்னார். நீயும் நானும் பயன் தருகிற வரைக்கும்தான் உயிரோடு இருக்கலாமா, அப்படியானால் முதுமையில் தளர்ந்த பிறகு நம் எல்லோருக்கும் ஐயோ, போரில் கைகால் இழந்து திரும்பும் சிப்பாய்க்கும் ஐயோ என்றார். மனிதன் பழைய இயந்திரமோ நொண்டிக் குதிரையோ பால் வற்றிய மாடோ இல்லை என்றார்.

அதில் ஒரு விவசாயியைப் பற்றி வரும். ஐம்பத்தைந்து வயதுபோல் இருக்கும். மரியென்தால் மனநல இல்லத்தில் இருந்தார். போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த மகன் அம்மாவோடு போய் அவரைப் பார்த்தான். அப்பா மேல் உயிராக இருந்த மகன். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று அவன் அழுதுகொண்டு விடைபெற்றான். ஆனால் பட்டியலில் ஏறியது அப்பாவின் பெயர். நாட்டுக்காக மகன் துப்பாக்கியோடு நிற்கும்போது அதே நாடு அவன் அப்பாவைக் கொல்கிறது. கோவிலில் இருந்த ஒவ்வொரு குடும்பத்திலும் போர்முனையில் ஒருவன் இருந்திருப்பான். ஊனமுற்றவர்களைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசிய பேச்சை நான் இதுவரை படித்ததில்லை.

#6 கல்தூண்

மாலைமணி அக்கா, நான் சொன்ன விதம் உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். "சொந்த வீடு" என்று நான் எழுதியது மடங்களை நினைத்து. நீங்கள் சொல்வது சரி. அந்த நோயாளிகள் யாருக்குமே சொந்த ஆட்களாக இல்லை.

ஆனால் இரண்டு கேள்விகள் பாக்கி. ஒன்று, அந்த மறையுரையால் கொலை நின்றதா? இரண்டு, இவ்வளவு பேசியவரை ஏன் சும்மா விட்டார்கள்?

#7 ரைன்கரை

முதல் கேள்விக்கு: ஆகஸ்ட் 24 அன்று விஷவாயுக் கொலையை நிறுத்தச் சொல்லி ஹிட்லர் உத்தரவிட்டார். மறையுரைக்கு மூன்று வாரம் கழித்து. அதற்குள் சுமார் 70,000 பேரைக் கொன்று முடித்திருந்தார்கள். நிறுத்தம் என்பதும் பாதி உண்மைதான். பட்டினியாலும் ஊசிமருந்தாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே போர் முடியும்வரை கொன்றார்கள். குழந்தைகளைக் கொன்றது ஒருநாளும் நிற்கவில்லை. ஹடாமர் மறுபடி 1942இல் வேலையைத் தொடங்கியது.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. விஷவாயுவில் கைதேர்ந்த அந்த ஆட்களில் பலரைப் போலந்துக்கு அனுப்பினார்கள். பெல்ஸெட்ஸ், சோபிபோர், ட்ரெப்லிங்கா என்ற, யூதர்களைக் கொல்லும் முகாம்களை நடத்தியவர்கள் அவர்கள்தான். நோயாளிகள் விஷயத்தில் ஜெர்மன் குடும்பங்கள் முணுமுணுத்தன, ஆயர் பேசினார், அரசு கொஞ்சம் பின்வாங்கியது. யூதர்கள் விஷயத்தில் அந்த முணுமுணுப்பு எழவில்லை. கல்தூண் முதலில் கேட்ட கேள்வி எனக்கு இங்கேதான் வலிக்கிறது.

இரண்டாம் கேள்விக்கு: தூக்கில் போட வேண்டும் என்று கட்சிக்குள் எழுத்திலேயே கேட்டார்கள். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் தடுத்தார். இரக்கம் காரணமில்லை. இந்த ஆளைத் தொட்டால் போர் முடியும்வரை ம்யூன்ஸ்டரையும் வெஸ்ட்ஃபாலியா முழுவதையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டார். போர் முடிந்ததும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஹிட்லரும் தள்ளிவைத்தார். போரில் தோற்றதால் அந்தக் கணக்கு தீரவில்லை. காலென் 1946இல் கர்தினால் ஆகி, ஊர் திரும்பிய சில நாட்களில் நோயுற்று இறந்தார்.

அவர் பேசிய லாம்பெர்ட்டி கோவிலுக்குப் போயிருக்கிறேன். கோபுரத்தில் இன்றைக்கும் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. 1536இல் ஒரு கலகத்தின் தலைவர்களைக் கொன்று, உடல்களை அதில் போட்டு ஊருக்குக் காட்டினார்கள். ஆட்சியை எதிர்த்தால் என்ன ஆகும் என்பதைத் தலைக்கு மேலேயே தொங்கவிட்ட கோவில் அது. அதற்குள் நின்றுதான் பேசினார். ஆனால் ஓர் ஆயரைத் தொடுவதற்கு அரசு யோசிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தொடுவதற்கு யோசிக்கத் தேவையில்லாத ஆட்கள் இருந்தார்கள். அதை இன்றிரவு தனியாக எழுதுகிறேன், அவசரமாகச் சொல்லக்கூடியது இல்லை.

#8 பனைவிடலி

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். தென் திருநெல்வேலிச் சீமை. எங்கள் சபையில் போதகரை "ஐயர்" என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கத்துக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன்.

1934 மே மாதம் பார்மென் நகரத்தில் கூடிய சபைகள், திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, எந்த ஃபியூரரும் ("தலைவர்", ஹிட்லரின் பட்டம்) இல்லை என்று அறிக்கை விட்டன. துணிச்சலான அறிக்கைதான். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதைக் கல்தூண் தம்பி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் நீமோல்லர் ஐயர் தொடக்கத்தில் நாஜிகளுக்கு வாக்களித்தவர். பிறகு எதிர்த்தார், 1937 முதல் போர் முடியும்வரை சிறையிலும் முகாமிலும் கிடந்தார். தான் பேசாமல் விட்டதைப் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் ஒப்புக்கொண்டார்.

டீட்ரிஷ் போன்ஹோஃபர் மட்டும் 1933 ஏப்ரலிலேயே தெளிவாக எழுதினார். சக்கரத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடுவது மட்டும் சபையின் வேலையில்லை, தேவைப்பட்டால் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும் என்று. அப்போது அவருக்கு வயது 27. நம் நாட்டோடு அவருக்கு ஓர் உண்மையான தொடர்பு உண்டு. காந்தியோடு தங்கி அவர் போராடும் முறையைக் கற்றுக்கொள்ள விரும்பினார். காந்தி 1934 நவம்பரில் கடிதம் எழுதி ஆசிரமத்துக்கு அழைத்தார். போன்ஹோஃபர் வரவில்லை. அரசுக்கு அடிபணியாத போதகர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்குப் போய்விட்டார், அதையும் 1937இல் கெஸ்டாபோ மூடியது. 1939இல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம். சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் வேம்படி இவரைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதைவிட ஒரு நீதிபதியைச் சொல்லுங்கள். லோத்தர் கிரைசிக், நாஜிகளை எதிர்த்த சபையின் பொறுப்பாளர், பிராண்டன்பர்கில் பாதுகாவல் நீதிபதி. தன் பொறுப்பில் இருந்த நோயாளிகள் வரிசையாகச் செத்துப்போவதைக் கோப்புகளில் பார்த்தார். 1940இல், நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மேல் கொலைப் புகார் கொடுத்தார். ஃபியூரரின் விருப்பமே சட்டம் என்பதை ஏற்க முடியாதென்றால் நீதிபதியாக இருக்க முடியாது என்றார்கள். சரி என்று வெளியேறிவிட்டார். காலெனும் மறையுரைக்கு முன்பே, ஜூலை 28 அன்று, அரசு வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் கொலைப் புகார் அனுப்பியிருந்தார். கொலை நடக்கப்போவது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம் என்று அவர்கள் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதைத்தான் பீடத்தில் வாசித்துக் காட்டினார்.

#9 ஏழாம்பக்கம்

நான் கல்லூரி மாணவன். கிரேக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஏதென்ஸ் பேராயர் டமாஸ்கினோஸ். 1943 மார்ச் மாதம் தெஸ்ஸலோனிகியிலிருந்து யூதர்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றத் தொடங்கியதும், நாட்டின் முக்கியமான ஆட்களைச் சேர்த்துக் கண்டனக் கடிதம் கொடுத்தார். கடிதத்தை எழுதியவர் கவிஞர் சிகெலியனோஸ். சுட்டுவிடுவேன் என்று ஜெர்மன் அதிகாரி மிரட்டியபோது, எங்கள் நாட்டில் மதத் தலைவர்களைச் சுடுவதில்லை, தூக்கில்தான் போடுவார்கள், அந்த மரபை மதியுங்கள் என்று டமாஸ்கினோஸ் பதில் சொன்னதாகக் கிரேக்கர்கள் சொல்வார்கள். 1821இல் துருக்கியர் அவர்களுடைய மறைமுதல்வரைத் தூக்கிலிட்டதை மனதில் வைத்துச் சொன்னது. யூதர்களுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் குருக்களுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்.

ஜாகிந்தோஸ் தீவுக் கதை இன்னும் பிடிக்கும். தீவில் உள்ள யூதர்களின் பட்டியலைக் கொடு என்று ஜெர்மானியர் கேட்டார்கள். பேராயர் கிறிசோஸ்தோமோஸும் நகரத் தலைவர் கார்ரரும் கொடுத்த தாளில் இரண்டே பெயர்கள், அவர்கள் இருவருடைய பெயர்கள். அங்கே இருந்த 275 யூதர்களையும் மலைக் கிராமங்களில் ஒளித்து வைத்தார்கள். ஒருவர்கூடப் பிடிபடவில்லை.

#10 கல்தூண்

ஏழாம்பக்கம் தம்பி, இது அருமை. பட்டியல் என்பதுதான் எல்லா இடத்திலும் வருகிறது, கவனித்தீர்களா? மரியென்தால் விவசாயியும் ஒரு பட்டியலில்தான் இருந்தார். பிரான்சில் லு ஷாம்போன் என்ற மலைக்கிராமத்திலும் 1942இல் அதிகாரிகள் பட்டியல்தான் கேட்டார்கள். யூதன் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களை மட்டும்தான் தெரியும் என்றார் அந்த ஊர்ப் போதகர் ஆந்த்ரே ட்ரோக்மே. நூற்றாண்டுகளுக்கு முன் அரசு வேட்டையாடிய புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் வாரிசுகள் நிறைந்த ஊர் அது. ஒளித்துவைப்பது எப்படி என்று பாட்டன் காலத்திலிருந்தே தெரியும்.

பல்கேரியாவையும் சேருங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். 1943 மார்ச்சில் ப்ளோவ்திவ் நகரத்து யூதர்களைப் பள்ளி வளாகத்தில் அடைத்தபோது ஆயர் கிரில் உள்ளே போய், நீங்கள் போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்றார், ரயில் தண்டவாளத்தில் படுப்பேன் என்று அரசுக்கும் சொல்லி அனுப்பினார். நாடாளுமன்றத்தில் பெஷேவ் போன்றவர்களும் எதிர்த்தார்கள். பல்கேரியாவின் 48,000 யூதர்கள் பிழைத்தார்கள். அதே மாதம், பல்கேரியா பிடித்துவைத்திருந்த த்ரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து பதினோராயிரத்துக்கும் அதிகமானவர்கள் ட்ரெப்லிங்காவுக்குப் போய்விட்டார்கள். இதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது சரியில்லை.

#11 நெய்தல்நிலம்

பிரான்ஸ் என்றதும் துலூஸ் பேராயர் சாலியேஜ் நினைவுக்கு வருகிறார். பக்கவாதம் வந்து உடம்பும் பேச்சும் விழுந்துபோனவர். அவரால் பீடத்தில் நின்று முழங்க முடியாது. அரைப் பக்க மடல் ஒன்றை எழுதி, எல்லாப் பங்குகளிலும் விளக்கம் எதுவும் சேர்க்காமல் வாசிக்கச் சொன்னார். 1942 ஆகஸ்ட் 23. "யூதர்களும் ஆண்கள், பெண்கள். அவர்கள் நம் சகோதரர்கள்." அவருடைய மறைமாவட்டத்துக்குள்ளேயே இருந்த நோயே, ரெஸெபெது முகாம்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். வாசிக்கக் கூடாது என்று மாவட்ட அதிகாரி தடுத்தும் பெரும்பாலான பங்குகளில் வாசித்தார்கள். 1944இல் கைதுசெய்ய வந்த ஜெர்மானியர்கள் அவர் இருந்த நிலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறே பக்கத்து மொந்தொபான் ஆயர் தெயாஸும் ஒரு மடல் எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டும். மாரி-ரோஸ் ஜினெஸ்த் என்ற சமூக சேவகி அதைத் தட்டச்சுச் செய்து நகலெடுத்து, தானே சைக்கிளில் பங்கு பங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மடலுக்குக் கீழே இருப்பது ஆயரின் கையெழுத்து. வழியில் நிறுத்திச் சோதித்தால் மாட்டுவது சைக்கிளில் போன அந்தப் பெண். பிற்காலத்தில் அந்தச் சைக்கிளை ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் என்ற யூதப் படுகொலை நினைவகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

#12 ரைன்கரை

நெய்தல்நிலம் சைக்கிளில் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலேயே தொடங்குகிறேன். நேற்று எழுதுவதாகச் சொன்னது லூபெக் நகரத்தைப் பற்றி.

காலெனின் மூன்று மறையுரைகளையும் ஜெர்மனிக்குள் வெளிப்படையாக அச்சிட விட மாட்டார்கள். தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்து, கையால் எழுதி, ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். போர்முனைச் சிப்பாய்கள் கையிலும் இருந்தது. வைத்திருப்பதே குற்றம்.

லூபெக்கில் மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்கள். யோஹன்னஸ் பிராஸெக், எடுவார்ட் ம்யூல்லர், ஹெர்மன் லாங்கே. மூவருக்கும் அப்போது முப்பதை ஒட்டிய வயது. பிராஸெக், கொத்தடிமையாக இழுத்துவரப்பட்ட போலந்துத் தொழிலாளர்களிடம் பேசுவதற்காகவே போலிஷ் மொழி கற்றவர். அவர்களோடு பழகுவதே தடைசெய்யப்பட்டிருந்தது. நான்காமவர் லூத்தரன் போதகர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஸ்டெல்பிரிங்க். ஒருகாலத்தில் நாஜிக் கட்சி உறுப்பினர், நாஜிக் கொள்கையை மனதார நம்பியவர். பிறகு கண் திறந்து வெளியே வந்தார். ஓர் அடக்கச் சடங்கில் பிராஸெக்கைச் சந்தித்தார். கத்தோலிக்கக் குருவும் லூத்தரன் போதகரும் அந்தக் காலத்தில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள். இவர்களோ காலெனின் மறையுரையைக் கைமாற்றிக்கொண்டார்கள். நால்வரும் அதை நகலெடுத்துப் பரப்பினார்கள்.

1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கைக் குண்டுபோட்டு எரித்தன. விடிந்தால் குருத்தோலை ஞாயிறு. இரவெல்லாம் தீயோடு போராடிய ஸ்டெல்பிரிங்க், காலையில் கோவிலில் கடவுள் வல்லமையாகப் பேசியிருக்கிறார் என்ற பொருளில் பேசினார். கடவுளின் தண்டனை என்றாராம் என்று ஊர் முழுக்கப் பரவியது. சில நாட்களில் கைது. அடுத்தடுத்து மற்ற மூவரும். பிராஸெக்கின் குழுவில் ஓர் உளவாளி இருந்திருக்கிறான்.

1943 ஜூனில், "மக்கள் நீதிமன்றம்" என்று பெயர் வைத்திருந்த நாஜி அரசியல் வழக்கு மன்றம் நால்வருக்கும் மரண தண்டனை கொடுத்தது. மறையுரையைச் செய்த காலென் ம்யூன்ஸ்டரில் ஆயராகவே இருந்தார். அதைப் பிரதி எடுத்தவர்களுக்குக் கில்லட்டின். நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில், சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தலையை வெட்டினார்கள். லிக்டென்பெர்க் இறந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது.

2011இல் மூன்று குருக்களுக்கும் கத்தோலிக்கத் திருச்சபை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. ஸ்டெல்பிரிங்க் லூத்தரன், அந்தப் பட்டியலில் வர முடியாது, அந்த நாளில் அவரையும் சேர்த்து நினைவுகூர்ந்தார்கள். அவருடைய சொந்தச் சபையோ நாஜி காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அந்தக் களங்கத்தை அதிகாரபூர்வமாக நீக்க 1993 வரை ஆனது.

#13 பனைவிடலி

ரைன்கரை அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது ஆண்டு வரலாறு நடத்தியவன், ஸ்டெல்பிரிங்க் ஐயர் பெயரை இன்றைக்குத்தான் கேட்கிறேன். கட்சிக்குள் இருந்து வெளியே வந்தவர் என்பதுதான் என்னை உலுக்குகிறது. முதலிலேயே சரியாக இருந்தவர்களைப் பாராட்டுவது சுலபம். தான் நம்பியது தப்பு என்று தெரிந்த பிறகு, அதற்காகக் கழுத்தையும் கொடுத்திருக்கிறார்.

வேம்படி, காலெனைக் கைவிட வேண்டாம். ஆனால் உரை அவரோடு முடிந்துவிடக் கூடாது.

#14 கல்தூண்

நானும் அதையேதான் சொல்வேன். நான் கேட்டது "யாருக்காகப் பேசினார்" என்று. ரைன்கரை எழுதியதைப் படித்த பிறகு "பேசியதற்கான விலையை யார் கொடுத்தார்கள்" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. காலென் மேல் எனக்கு இருக்கும் குறை அப்படியே இருக்கிறது, அந்த டிசம்பர் ரயிலை என்னால் மறக்க முடியாது. ஆனால் அவர் பேசியிருக்காவிட்டால் லூபெக்கில் நகலெடுக்க எதுவும் இருந்திருக்காது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

#15 வேம்படி

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாகத் தேடியும் எனக்குக் கிடைக்காதது இரண்டு நாளில் இங்கே கிடைத்துவிட்டது.

உரையை மாற்றிவிட்டேன். காலெனில் தொடங்கவில்லை. மரியென்தால் விவசாயியிலும், அழுதுகொண்டு விடைபெற்ற மகனிலும் தொடங்குகிறேன். அப்புறம் மறையுரை. அப்புறம் கல்தூண் சொன்ன டிசம்பர் ரயில், அதை மறைக்கப்போவதில்லை. லிக்டென்பெர்க்கின் மாலைச் செபம், மொந்தொபான் சைக்கிள், ஜாகிந்தோஸ் தாள். கடைசியில் லூபெக். போன்ஹோஃபருக்கு இரண்டு நிமிடம், காந்தி கடிதத்தோடு.

லூபெக் நால்வரின் பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதி நூலக அறிவிப்புப் பலகையில் வைக்க நூலகரிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார். பிராஸெக், ம்யூல்லர், லாங்கே, ஸ்டெல்பிரிங்க். நாலும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில். ரைன்கரை அக்கா, தமிழில் எழுத்துக்கூட்டல் சரிதானா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

மாலைமணி அக்கா, கூட்டத்தன்று இணையவழியில் நீங்களும் சேர முடியுமா? அந்த விவசாயி வரும் பகுதியை நான் வாசிப்பதைவிட நீங்கள் வாசித்தால் நன்றாக இருக்கும்.

#16 மாலைமணி

வருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாமா? அவர்களுக்குக் கூட்டம் என்றால் மிகவும் பிடிக்கும், கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.